கணுக்கால் சுளுக்கா, எலும்பு முறிவா?

தோட்டத்து மருமகன், சுங்கை சிப்புட்:
செம்பனைக் குலை வெட்டும்போது மச்சானுக்குக் கானோரத்தில் (வடிகால் ஓரம்) கால் உள்பக்கமா மடங்கிருச்சு. வெளிக்கணு நல்லா வீங்கிக் கிடக்கு. எண்ணெய் போட்டு உருவினா சரியாகும்ங்கிறாங்க. எக்ஸ்ரே தேவையா?

பிசியோ அக்கா:
முதல் மூன்று நாள் உருவவே கூடாது தம்பி. எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்து ரத்தம் கசிந்துதான் வீக்கம். அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். விரிசல் இருந்தால் எலும்பு விலகவும் செய்யும்.

அடிபட்டதும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. இரண்டு கணு எலும்பின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே. கணுவுக்கு முன்னால் குழிந்த இடத்தில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் நார்க் கிழிசல்தான், முறிவு அல்ல. பாதத்தின் உள்பக்க மேட்டையும், வெளிவிளிம்பின் நடுவே துருத்தும் சுண்டுவிரல் எலும்பின் அடியையும் அழுத்துங்கள். இந்த இரண்டாவது இடத்தைப் பலரும் தொட்டே பார்ப்பதில்லை. கால் மடங்கும்போது அங்கே தசைநார் எலும்புத் துண்டைப் பிய்த்துவிடும். இனிப்பு நீரால் (நீரிழிவு) கால் மரத்தவர்களுக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது; நேரே ஆஸ்பத்திரி.

பழைய டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):
ஐஸை துணியில் சுத்தி 15–20 நிமிஷம், ரெண்டு மூணு மணிக்கு ஒரு தரம். கால் மரத்தவங்களுக்கு ஐஸ் வேண்டாம். 4 அங்குல கிரேப் பேண்டேஜை, பாதத்தை நேர்க்கோணத்துல நிறுத்தி, விரலடியில தொடங்கி எட்டு வடிவத்துல, ஒவ்வொரு சுத்தும் முந்தினதுல பாதியை மூடுற மாதிரி கட்டணும். குதிகாலைத் திறந்து விட்டா வீக்கம் அங்கேயே போய்ச் சேரும். விரல் நீலம் பாய்ஞ்சாலோ குளிர்ந்தாலோ உடனே அவிழுங்க. படுக்கும்போதும் கழட்டிட்டு, காலை நெஞ்சுக்கு மேல உயர்த்தி வைங்க. வலிக்கு 500 மி.கி. பனடோல் (பாரசிட்டமால்) ரெண்டு, 6 மணி இடைவெளியில. நாளைக்கு 8க்கு மேல வேண்டாம்.

கிராணி (தோட்ட எழுத்தர்):
வேலை நேரத்தில் நடந்ததுதானே? மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) இன்றே சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) 4 நாளுக்குக் குறைந்தால் தற்காலிக முடக்கப் படி கிடைக்காது.

தோட்டத்து மருமகன்:
அக்கா, சுண்டுவிரல் பக்கம் தொட்டாலே துள்ளுறாரு. பூட்ஸ் இன்னும் காலிலேயே இருக்கு.

பிசியோ அக்கா:
வீக்கம் ஏற ஏற கழற்றவே முடியாது. கயிறை முழுக்க அவிழ்த்து, வராவிட்டால் கத்தரித்து எடுங்கள். காலை ஊன்ற விடாமல் காரில் ஏற்றி எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள்.