பரதம் ஆடுபவரை பாலே குழுப் படத்தில் நடிக்க வைப்பது: எது செல்லும், எது செல்லாது?

தேக்காக்காரன் (கேள்வி)
20 நிமிஷத் தமிழ்க் குறும்படம். கதை ஒரு தொழில்முறை பாலே குழுவுக்குள்ள நடக்குது. நாயகி கோர் டி பாலேவில் (சேர்ந்து ஆடுற துணைக் குழு) கடைசி வரிசை, நம்ம சிங்கப்பூர்த் தமிழ்ப் பொண்ணு. நடிக்கப் போறவருக்குப் பரதம் 12 வருஷம். பாலே சுத்தமாத் தெரியாது. பாலே டூப் ஒருத்தர் 2 நாளைக்குக் கிடைப்பார். எதை நடிகையே செய்யலாம், எதைத் தொடவே கூடாது? கிளைமாக்ஸில் 32 ஃபுவெட்டே (ஒத்தைக் கால் சுழற்சி) வைக்கலாம்னு நினைச்சிருக்கேன். நடுவில் எதிரி ஒருத்தி ஷூவுக்குள்ள கண்ணாடித் துண்டு போடுறா.

அடவு
முதல்ல அந்த 32-ஐ எடுத்துடுங்க. 'ஸ்வான் லேக்' பாலேவோட மூணாம் அங்கத்தில் நாயகி ஆடுற சுழற்சி அது. 1895-ல பியரினா லென்யானி ஆடினதுலேருந்து அந்த இடத்தோட முத்திரையாகிப் போச்சு. கடைசி வரிசைக்காரிக்கு அது கிடைக்காது. அவளோட நிஜக் கஷ்டம் ரெண்டாம் அங்கத்தில் இருக்கு. நாயகனும் நாயகியும் ஆடி முடிக்கிற வரைக்கும் அன்னங்களா வர்ற குழுப் பெண்கள் ஓரமா, ஒரு கால்ல எடையை வச்சு, மறுகால் விரல்நுனியைப் பின்னால ஊன்றி, சிலையா நிக்கணும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், மூக்கு அரிக்கும், வியர்வை கண்ணுல இறங்கும். கை உயராது. நின்னு மரத்த காலோட அடுத்த வரியிலேயே ஆடணும். இடுப்புக்கு மேல பிரேம் வச்சா உங்க நடிகையே இதைச் செஞ்சிடுவார், டூப் தேவையில்ல.

பரதம் காட்டிக்கொடுக்கிற இடம் கால் இல்ல, கைதான். நாட்டியாரம்பத்தில் (பரதத்தோட தொடக்கக் கைநிலை) முழங்கை தோளுக்கு நேரா நிக்கும். பாலேவில் கையைப் பக்கவாட்டில் விரிக்கும்போது தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு மெல்ல இறங்கிக்கிட்டே வரும். பதாக முத்திரை மாதிரி விரல் ஒட்டி விறைச்சா உடனே தெரியும். விரல்கள் தளர்ந்து, நடுவிரல் கட்டைவிரலை நோக்கி லேசா வளையணும். கழுத்து அசைவு, கண் சுழற்சி, புருவம் மூணையும் மறக்கணும். கடைசி வரிசையில முகபாவம் காட்டினா ஒத்திகை ஆசிரியர் அன்னைக்கே கூப்பிட்டுப் பேசுவார். 24 பேரும் ஒரே தலைச்சாய்வு, அவ்வளவுதான்.

அரைமண்டியால (முழங்காலை வெளியே மடக்கி அரைவாசி உட்கார்ற பரத நிலை) ஒரு லாபம் உண்டு: தொடையை இடுப்பிலிருந்து வெளியே திருப்பறது அவருக்குப் பழகியிருக்கும். ஆனா அரைமண்டியில நாம உட்கார்ந்து ஆடுவோம். பாலேவோட முழங்கால் மடக்கலான ப்ளியே அப்படித் தங்காது, இறங்கின மூச்சிலேயே மேலே வரும். குதிச்சு இறங்கும்போது பாதத்தால தரையைத் தட்டுற தட்டடவு மாதிரி சத்தம் வந்தா பாலேவில் அது பிழை. விரல், முன்பாதம், குதிகால்னு சத்தமில்லாம இறங்கணும்.

காலை வகுப்புக் காட்சி வச்சா வரிசையை மாத்தாதீங்க. இடதுகை பார் கம்பியில. முதல்ல ப்ளியே, அப்புறம் தாந்து (தரையோட காலை நீட்டுறது), கடைசியாத்தான் கிராண்ட் பத்மா (காலை உயர வீசுறது). ஒண்ணேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரைக்கும் போகும். டூட்டூ (விரிஞ்ச பாலே பாவாடை) போட்டுக்கிட்டு வகுப்புக்கு யாரும் வர மாட்டாங்க; பழைய ஸ்வெட்டர், கால் உறை, ஓட்டை விழுந்த டைட்ஸ். கம்பியில ஒவ்வொருத்தருக்கும் எழுதப்படாத ஓர் இடம் உண்டு. புதுசா வந்தவ அங்கே போய் நிக்கட்டும். உங்க எதிரிக்கு இது போதும், கண்ணாடித் துண்டு வேண்டாம்.

சாட்டின்நாடா
கண்ணாடித் துண்டு நடைமுறையிலும் ஓடாது. ஷூவுக்குள் விரல் உறையைச் செருகும்போதே கை உள்ளே போய்விடும்.

பாயின்ட் ஷூ (நுனிவிரலில் நின்று ஆடும் ஷூ) விஷயத்தில் கறாராக இருங்கள். பாலே பயிற்சி இல்லாதவரை ஒரே ஒரு ஷாட்டுக்குக்கூட நுனிவிரலில் ஏற்றாதீர்கள். கணுக்கால் பிசகினால் அவருடைய பரதமும் சேர்ந்து போகும். அவர் கையில் ஷூவைக் கொடுத்துத் தைக்க வையுங்கள். அது உண்மையான காட்சி. கடையிலிருந்து வரும் ஷூவில் நாடா இருக்காது. குதிப்பகுதியை உள்பக்கமாக மடக்கி, மடிப்பு விழும் இடத்தில் நாடாவைத் தைப்பார்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலில் தைப்பவர்கள் நிறைய, சாதாரண நூல் அறுந்துவிடும் என்பதால். நாடா முனையை லைட்டரில் காட்டிப் பிசிறை உருக்குவார்கள். முடிச்சு கணுக்காலின் உள்பக்கக் குழியில் விழ வேண்டும், முனைகள் உள்ளே செருகப்பட வேண்டும். பட்டாம்பூச்சி முடிச்சு தெரிந்தால் அங்கேயே படம் விழுந்தது.

புது ஷூ மரக்கட்டைபோல டக் டக்கென்று ஒலிக்கும். படிக்கட்டில் முன்பாகத்தை அடித்து அதை அடக்குவார்கள், அடித்தோலைக் கத்தியால் கீறுவார்கள், உள்ளங்காலைத் தாங்கும் கெட்டியான உள்தண்டை வளைப்பார்கள். வலது இடது வேறுபாடு கிடையாது, அணிபவர்தான் தீர்மானிப்பார். விரல்களைச் சுற்றியுள்ள முன்பெட்டி துணியும் தாளும் பசையும் சேர்ந்தது, வியர்வை பட்டால் இளகும். முழுநீள நாயகி வேடத்தில் ஓர் இரவிலேயே ஒரு ஜோடி போய்விடலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பையில் மூடி வைத்தால் காயவே காயாது. வீட்டுக் காட்சியில் மின்விசிறிக்குக் கீழே நாலு ஜோடியைத் தொங்கவிடுங்கள்.

நாயகி தமிழ்ப் பெண் என்பதால் இன்னொன்று. இளஞ்சிவப்பு ஷூவும் டைட்ஸும் மாநிற உடம்பில் காலைத் தனியாக வெட்டிக் காட்டும். தோல் நிறத்துக்கு ஏற்ற டைட்ஸை நியூயார்க்கின் கறுப்பினப் பாலே குழுவான டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் 1970-களிலேயே பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. லண்டன் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயின்ட் ஷூக்களை விற்கத் தொடங்கியது 2018-இல்தான். அதுவரை முகப்பூச்சை ஸ்பாஞ்சில் தொட்டு ஷூவின் மேல் பூசிக்கொண்டார்கள், இன்றும் பூசுகிறார்கள். ஒவ்வொரு புது ஜோடிக்கும் திரும்பப் பூச வேண்டும். எல்லாருக்கும் இளஞ்சிவப்பு என்று குழு சொல்கிறதா, அவளை அவள் நிறத்தில் விடுகிறதா? ஒரு காட்சிக்கு இதுவே போதுமான கரு.

தேக்காக்காரன்
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கண்ணாடித் துண்டு போச்சு. மூக்குத்தி இருக்கலாமா? அடிபடுற காட்சி ஒண்ணு வேணும். அடுக்குமாடி புளோக்கோட திறந்த கீழ்த்தளத்தில் தனியா ஆடிப் பார்க்கும்போது விழறதா எழுதியிருக்கேன்.

அடவு
மூக்குத்தி, மருதாணி, ஆல்தா (கை கால்ல பூசற சிவப்புச் சாயம்) எதுவும் கூடாது, குழுவில் தனிச்சுத் தெரிஞ்சிடும்.

விழ வேண்டாம். குதிகால் தசைநாண் அறுறது பெரும்பாலும் சாதாரண எம்பலில்தான். "டப்"னு ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பாங்க, யாரும் இருக்க மாட்டாங்க. நடிகைக்கு அந்தத் திரும்பல் ஒண்ணு போதும். மேடைக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

ராபர்ட் ஆல்ட்மனின் 2003 படமான 'தி கம்பெனி'யில் ஒத்திகை நடுவே இப்படி ஒண்ணு வரும், படம் அதுக்காக நின்னு அழாது. சிகாகோ ஜாஃப்ரி பாலே ஆடுநர்களே அதுல நடிச்சிருக்காங்க. நாயகி நெவ் கேம்பெல் கனடா தேசிய பாலே பள்ளியில படிச்சவர். உங்களுக்கு அந்த வசதி இல்ல, அதனால அந்தப் படத்தோட முழு உருவ ஷாட்களைப் பார்த்து ஆசைப்படாதீங்க.

25பிரேம்
கீழ்த்தளத்தில நடக்கட்டும், குதிக்க வேணாம். டைல்ஸுக்கு அடியில கான்கிரீட். மேல வினைல் விரிச்சாலும் வழுக்காதே தவிர அதிர்வைத் தாங்காது. நாலு டேக்குக்குள்ள டூப்போட முழங்காலெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். குதிக்கிற ஷாட் எல்லாம் ஸ்ப்ரங் ஃபுளோர் (அதிர்வை வாங்கிக்கிற தளம்) உள்ள நடனக்கூடத்தில மட்டும். ஏர்கான் காத்தில டேக்குக்கு டேக் உடம்பு ஆறிடும். இடைவேளை நீண்டா மறுபடி சூடேத்த 10 நிமிஷம் ஒதுக்குங்க.

டூப்பை முன்னாலேருந்து எடுக்காதீங்க. பின்கழுத்து, கொண்டை உயரம், தோள் அகலம் ஒத்துப்போனாப் போதும். கண்ணாடிச் சுவர்ல கேமரா தெரியும். மூலையிலேருந்து நீள லென்ஸ். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 24 பிரேம்ல எடுத்தா மலிவு எல்இடி மினுக்கும். 25 பிரேம், ஷட்டர் 1/50. ஸ்லோமோஷனுக்கு 50 பிரேம், 1/100.

ஸ்வான் லேக்குக்கு சைக்கோவ்ஸ்கி போட்ட இசைக்கு உரிமை முடிஞ்சு போச்சு, ஆனா இணையத்தில கிடைக்கிற ஒலிப்பதிவுக்கு முடியல. வகுப்புக் காட்சிக்குப் பியானோக்காரர் ஒருத்தரை வாசிக்க வச்சிடுங்க. நிஜ வகுப்பிலயும் பியானோதான்.

ஒரு யோசனை: சிங்கப்பூர் பாலே (2021 வரைக்கும் சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர்) பயிற்சி எடுக்கிறது பூகிஸ்+ கடைத்தொகுதிக்குள்ள. கீழே பபிள் டீ வரிசை, மேலே ப்ளியே. உங்க கற்பனைக் குழுவையும் ஒரு மால் மாடியில வச்சா, செட் செலவும் குறையும்.