குளிர் மலையில் நள்ளிரவு தாண்டினால் நட்சத்திரங்கள் மங்குகின்றன, கேமராவும் அணைந்துவிடுகிறது: உதவி தேவை

கேட்பவர்: மலைவழி

வணக்கம். உயரமான மலை முகாம்களில் தங்கி இரவு வானத்தைப் படம் எடுத்து வருகிறேன். ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா, 16 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 25 வினாடி. முன்னிரவுப் படங்களில் குறை இல்லை. வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியதும் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. வானம் தெளிவாக இருந்தும் படத்தில் நட்சத்திரங்கள் மங்கிப்போகின்றன. பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா திடீரென்று அணைந்துவிடுகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா? பால்வீதி நன்றாக எழும்பி நிற்கும் நேரத்தில் கேமராவை மூடிவைப்பது மனதுக்குப் பெரும் பாரமாக இருக்கிறது.

பதில்: ஆதிரை

லென்ஸ் மாற்றுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். ஒரு படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, நட்சத்திரத்தின் வடிவத்தைப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

எல்லா நட்சத்திரங்களும் ஒரே திசையில் சிறு கோடாக நீண்டிருந்தால் அது பூமியின் சுழற்சி. கோடு நெளிந்திருந்தால் காற்றில் முக்காலி ஆடியிருக்கிறது. நடுத்தண்டை இறக்கிவிட்டு, முக்காலியைத் தாழ்வாக நிறுத்துங்கள். புள்ளிகள் சிறு வட்டத் தட்டுகளாகத் தெரிந்தால் ஃபோகஸ் நகர்ந்துவிட்டது. பிரகாசமானவற்றைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்து, மங்கலான நட்சத்திரங்கள் அடியோடு மறைந்திருந்தால் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. உங்களுடையது எது?

பதில்: நெடுந்தொலைவு

25 வினாடி அதிகம். 500ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் எடுக்கக்கூடிய அதிகபட்ச வினாடி கிடைக்கும் என்பது 500 விதி. அதன்படி, உங்கள் சிறிய சென்சாருக்கான 1.5 மடங்கைச் சேர்த்தால் உங்கள் லென்ஸ் 24 மி.மீ.க்குச் சமம், 500ஐ 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 வினாடி. அந்த விதியே பழைய ஃபிலிம் காலத்துத் தாராளம். வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. உங்கள் சென்சாரில் 25 வினாடிக்கு அது சுமார் 7 பிக்சல் நீளக் கோடு. 15 வினாடிக்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றுங்கள். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் இரைச்சலைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

மலைவழி

ஆதிரை சொன்னபடி பார்த்தேன். ஓரங்களில் சிறு கோடுகள் உண்டு, ஆனால் அவை முன்னிரவுப் படங்களிலும் இருக்கின்றன. நள்ளிரவுக்குப் பிறகு வருவது ஒளிவட்டம்தான். படத்துக்குப் படம் கூடிக்கொண்டே போகிறது.

பதில்: ஆதிரை

அப்படியானால் சந்தேகமே வேண்டாம், ஈரம்தான். மேகமில்லாத இரவில் லென்ஸின் முன்கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்து, பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே போனதும் ஈரம் படியும். பூஜ்ஜியத்துக்குக் கீழே அதுவே உறைபனியாகும். வானம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு வேகமாக இது நடக்கும்.

துணியால் துடைக்காதீர்கள். அடுத்த சில நிமிடங்களில் மீண்டும் படியும், உறைபனியைத் தேய்த்தால் கீறலும் விழலாம். படிந்த பிறகு போராடுவதைவிட, படியாமல் பார்த்துக்கொள்வதே வழி. பவர் பேங்கில் இயங்கும் வெப்பப் பட்டையை லென்ஸின் முன்பகுதியைச் சுற்றிக் கட்டி, படம் எடுக்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். மிதமான சூடு போதும். பட்டை இல்லையென்றால் கையைச் சூடாக்கும் பொட்டலங்களை ரப்பர் பட்டையால் கட்டலாம். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் இரும்புத் தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றினால் அணைந்துவிடும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சூடும் சற்றுக் குறையும். ஃபோகஸ் பார்க்கக் குனியும்போது உங்கள் மூச்சு கண்ணாடியில் படாமலும் கவனியுங்கள்.

கட்டும்போது ஃபோகஸ் வளையத்தைத் தொட்டுவிட்டால் எல்லாம் வீண். வெப்பநிலை மாறினாலும் ஃபோகஸ் நகரும், லென்ஸிலுள்ள முடிவிலிக் குறியை (∞) நம்ப முடியாது. ஆகவே பட்டையைக் கட்டிச் சற்று நேரம் கழித்து, சிரியஸ், திருவாதிரை போன்ற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி டேப் ஒட்டுங்கள். மணிக்கொரு முறை சரிபாருங்கள்.

பதில்: நெடுந்தொலைவு

பேட்டரி கெட்டுப்போகவில்லை. குளிரில் லித்தியம் அயான் பேட்டரியின் உள் மின்தடை கூடுகிறது. ஷட்டர் இயங்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிய, தீர்ந்துவிட்டது என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை மட்டும் அப்படியே சார்ஜ் செய்ய வேண்டாம். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகப் பாழாகும். நீள் எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நீளத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, மின்சாரத்தையும் நேரத்தையும் அது விழுங்குகிறது.

மலைவழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும்: முடித்ததும் கேமராவைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகலாமா?

பதில்: ஆதிரை

கொண்டுபோகலாம். ஆனால் வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிய பிறகு. உங்கள் மூச்சால் கூடாரத்துக் காற்று ஈரமாக இருக்கும். மூடாமல் கொண்டுபோனால் அந்த ஈரம் குளிர்ந்த கேமராவின் மேல் படியும். மெமரி கார்டைப் பையில் போடும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா உள்ளிருக்கும் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.