புதுப்பிப்பு: அக்கா மகள் மின்னியல் எடுத்துவிட்டாள்

அக்கா மகளுக்குக் கணினி அறிவியலா, மின்னியலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கலந்தாய்வு முடிந்து, அரசுக் கல்லூரியில் மின்னியல் - மின்னணுவியல் கிடைத்துவிட்டது.

பெரும்பாலோர் கணினியைத்தான் சொன்னீர்கள். அவளுடைய கட்-ஆஃபுக்கு அது தனியார் கல்லூரியில்தான் கிடைத்திருக்கும். அந்தக் கட்டணம் அக்காவுக்குக் கட்டுப்படியாகாது. மென்பொருள் நிறுவனங்கள் மற்றப் பிரிவினரையும் எடுக்கின்றன. மின்னியல் படித்தால் மின்வாரிய உதவிப் பொறியாளர் பணிக்கும், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வு வழியே என்.டி.பி.சி., பவர்கிரிட் ஆகிய மத்திய அரசு மின் நிறுவனங்களின் வேலைகளுக்கும் போட்டியிடலாம். முப்பந்தல் காற்றாலைகளும், 2025-இல் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் எங்கள் பக்கம்தான். இதை எடுத்துச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. "பெண் பிள்ளைக்கு மின்கம்பமா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல மனமில்லை.

அவளுக்கும் இதில்தான் நாட்டம். வீட்டில் நின்றுபோன மிக்ஸியைக் கழற்றி, தேய்ந்து கட்டையாகிவிட்ட கார்பன் பிரஷ்களை மாற்றி, அதிலேயே தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினாள். பழுதுபார்க்கும் கடைக்காரர் புது மோட்டார் போடச் சொல்லியிருந்தார்!

பைத்தான் என்ற நிரல்மொழியும் கற்கத் தொடங்கியிருக்கிறாள். விடுதியில் இடம்தான் இன்னும் உறுதியாகவில்லை.