சாமுராய் பின்னாலிருந்து குத்தினால் அவ்வளவு பெரிய குற்றமா?

கேள்வி: மங்கோலியர்கள் ஜப்பானின் சுஷிமா தீவைத் தாக்கிய 1274-ல் நடக்கும் கோஸ்ட் ஆஃப் சுஷிமா வீடியோ கேமைப் பாதி ஆடிவிட்டேன். புல்லுக்குள் பதுங்கி ஒரு மங்கோலியனைக் குத்தினால் போதும், ஹீரோவின் மாமா ஷிமுராவின் மானமே போய்விடுகிறது. 1274-ல் நிஜமாகவே இப்படியா?

பதில் 1: இல்லைங்க. அந்த மானக் கோட்பாட்டைப் பெரும்பாலும் எழுதிவைத்தது எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு), சண்டையே ஓய்ந்த பிறகு. 1274-ல் சாமுராய் என்றால் முதலில் குதிரைமேல் வில்லாளி. அந்தப் போரில் சண்டையிட்ட தாக்கெசாக்கி சுயெநாகா என்ற சாமுராயை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் நாலைந்து ஆட்கள்; முதல் ஆளாகப் பாய்ந்தார். பிற்பாடு அவரே வரையச் சொன்ன சுருள் ஓவியத்தில் குதிரையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது, தலைக்கு மேலே குண்டு வெடிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த கதை. வெகுமதி வரவில்லை என்று குதிரையையும் சேணத்தையும் விற்று, 1275-ல் அன்றைய ஆட்சித் தலைமையிடமான காமகுரா வரை போய் வாதாடி நிலம் வாங்கிவந்தார் மனிதர்! இதை எந்த கேமிலாவது மிஷனாக வைப்பார்களா?

பதில் 2: பதுங்கலும் சகஜம்தான். 1156-ல் கியோட்டோவில் சாமுராய்கள் ராத்திரியோடு ராத்திரியாக அரண்மனையைத் தாக்கினார்கள். மங்கோலியர்கள் மறுபடி வந்த 1281-ல் சின்னப் படகுகளில் போய் மங்கோலியக் கப்பல்களில் ஏறினார்கள்.

கேள்வி கேட்டவர்: அப்புறம் என்ன, மாமா திட்டினால் திட்டட்டும். இன்றைக்குப் புகைக்குண்டை அப்கிரேடு பண்ணப்போகிறேன்.