மார்கழிக் குளிரில் அம்மாவுக்கு ராத்திரி வியர்வை, மாத்திரைதான் காரணமா?

குடியாத்தம் பொண்ணு:
அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், ஜாக்கெட் முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருக்கிறது, தலையணை உறையும் ஈரம். கத்திரி வெயில் என்றால் நம்ம வேலூர்ப் பக்கம் இதை யாரும் பேசவே மாட்டோம், ஆனால் இது மார்கழி, நான் போர்வைக்குள் நடுங்குகிறேன். நெஞ்சுவலி, படபடப்பு எதுவும் இல்லை என்கிறார். போன மாதம்தான் சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரை ராத்திரிக்கும் ஒன்று சேர்த்தார்கள். பிபிக்கு மெட்டோப்ரோலால். பக்கத்து வீட்டு ஆயா கெட்ட நீர் போகுது, விடு என்கிறார்.

சத்துவாச்சாரி அண்ணன்:
கெட்ட நீரெல்லாம் இல்லை தங்கச்சி. வியர்க்கும்போதே சுகர் மெஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார், 70-க்குக் கீழே என்றால் லோ சுகர். படபடப்பு இல்லை என்பதை நம்பாதே. மெட்டோப்ரோலால் கைநடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும், வியர்வையை மட்டும் அதனால் அமுக்க முடியாது. எங்கப்பா விஷயத்தில் இது தெரியாமல் ஒரு மாதம் ஃபேனை மாற்றிக்கொண்டிருந்தோம். ராத்திரி என்ன சாப்பிடுகிறார்?

காட்பாடி:
வேறு மாத்திரைகளும் இதைச் செய்யும். எனக்கு மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் ஆரம்பித்தபோது கழுத்தெல்லாம் ஊற்றியது, நானே நிறுத்தி, தலைசுற்றி, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஆம்பூர்க்காரன்:
இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இருக்கிறதா? இருந்தால் காசநோயா (டிபி) என்று பார்க்கச் சளிப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

குடியாத்தம் பொண்ணு:
இருமல் இல்லை அண்ணா. நேற்று ராத்திரி 3:10-க்குப் பார்த்தேன், 54! மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 88, அப்புறம் இரண்டு பிஸ்கட் சாப்பிட வைத்தேன். நேற்று கிருத்திகை, விரதம் என்று ஒரு டம்ளர் பாலோடு படுத்திருக்கிறார், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். மற்ற நாளிலும் இரண்டு இட்லிதான். டாக்டருக்கு போன் செய்தேன், ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு நாளைக்கு அழைத்து வரச் சொன்னார்.

சத்துவாச்சாரி அண்ணன்:
நல்லது. விரதம் இருப்பதையும் டாக்டரிடம் சொல், அம்மா தானாகச் சொல்ல மாட்டார். தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருக்கட்டும். நினைவு தப்பினால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாதே, நேராக 108.