மறுமொழி: மரத்துக்கு ‘வெதரிங்’ – வானிலைச் சிதைவுன்னே வெச்சுக்கலாமா?

> பாறைக்கு வானிலைச் சிதைவுன்னு ஏற்கெனவே பாடப்புத்தகத்துல இருக்கே, அதையே மர டெக்குக்கும் போட்டா வேலை முடிஞ்சுது

முடியாதுங்க. டெக் பராமரிப்புக் கட்டுரைக்கு இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடுறோம்ல, அதுல வெதரிங்னா வெயில் மழையில கிடந்து மரம் நிறம் மாறித் தேயுறது. பாறை விரிசல் விட்டு உடைஞ்சு மண்ணாகுற வரைக்கும் அந்த ஒரு சொல் தாங்கும், சரி. டெக்னா வீட்டுக்கு வெளியில பலகை அடிச்சுப் போடுற திறந்த மரத்தளம், அந்தப் பலகையில நடக்குறது வேற கதை. மரத்துல நார்களையெல்லாம் ஒட்டிப் பிடிச்சு வெச்சிருக்குறது லிக்னின், வெயில்ல வர்ற புற ஊதாக்கதிர் முதல்ல அதைத்தான் உடைக்குது, உடைஞ்சது மழையில கரைஞ்சு ஓடிடுது, மிச்சம் நிக்கிறது வெளிறின செல்லுலோஸ் நார், ஈரம் இருந்தா அது மேல கரும்பூஞ்சையும் ஏறி உக்காந்துக்கும். நாம பாக்குற அந்தச் சாம்பல் நிறம் இதுதான். இத்தனையும் மேல்தோல்ல நடக்குற சமாச்சாரம், ஒரு மில்லிமீட்டர்ல கால்வாசி ஆழம் கூட கிடையாது. ஊசியிலை மரங்கள்ல இப்படித் தேயுறது நூறு வருஷத்துக்கே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான். இதுக்குப் போய் சிதைவுன்னு பேர் வெச்சா படிக்கிறவர் பலகையை எல்லாம் பேத்துப் போட்டுட்டு புதுசு வாங்கக் கிளம்பிடுவார்.

நான் சொல்ற சொல் மரநரை. பலகை நரைச்சிருக்கு, நரைத்த பலகை, நரை எடுக்கணும், எப்படி வேணா வளைஞ்சு குடுக்கும்.

> நரைன்னா தலைமுடி ஞாபகம்தான் வருது, கவிதைக்கு நல்லாருக்கு, கலைச்சொல்லா நிக்குமா?

நிக்கும். பக்கத்துல இருக்குற வேற விஷயத்தோட குழப்பிக்காம இருக்கா, அதை மட்டும் பாருங்க. மரத்துக்கு நம்மகிட்ட வார்த்தை ஏற்கெனவே இருக்கு: வண்டு குடைஞ்சு மாவா கொட்டினா உளுத்துப்போச்சு, கரையான் வந்தா செல்லரிச்சிருச்சு, ஈரத்துல பூஞ்சை உள்ள புகுந்து தின்னா மக்கிருச்சு. நிறம் மட்டும் போனதுக்குத்தான் சொல் இல்ல, அந்த இடத்துல நரை சரியா பொருந்துது.

இந்த வித்தியாசத்தை ஸ்க்ரூடிரைவர் வெச்சே பாத்துக்கலாம். ஆணி அடிச்ச இடம், பலகை விட்டத்து மேல உக்கார்ற இடம், ரெண்டு பலகை முட்டுற நுனி, இங்கெல்லாம் முனையைக் கொஞ்சம் சாய்ச்சுக் குத்தி நெம்பணும். வெறும் நரைன்னா முனை இறங்க மாட்டேங்கும், நெம்பினா சடக்குன்னு சத்தத்தோட நீளமா ஒரு சிராய் கிளம்பும், அடியில நல்ல மரத்தோட நிறம் தெரியும். மக்கினதுன்னா முனை சுலபமா உள்ள போகும், நெம்பினா சத்தமே இல்லாம குட்டைக் குட்டையா பிஞ்சு வரும். முதல் வகையைக் கழுவினா போதும், ரெண்டாவதை மாத்தித்தான் ஆகணும். ரெண்டையும் சிதைவுன்னு ஒரே சொல்லால சொன்னா கட்டுரை எழுதுறவரே மாட்டிக்குவார்.

அடுத்தது நரைச்ச பலகையைக் கழுவுற கிளீனர், கழுவின பிறகு போடுற பிரைட்னர். ரெண்டுக்குமே வெளுப்பான்னு இந்தத் திரியில ஒருத்தர் போட்டிருந்தார், எனக்கு ஒப்புதல் இல்ல. கிளீனர்ல பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட், அது தண்ணியில ஹைட்ரஜன் பெராக்ஸைடாவும் சலவைச் சோடாவாவும் பிரியும், பூஞ்சையையும் செத்த நார்களையும் கிளப்பி விடும், ஆனா காரத்தன்மை இருக்கிறதால சில மரம் கறுத்துப் போகும். அதுக்கப்புறம் போடுற பிரைட்னர் ஆக்ஸாலிக் அமிலம், மிச்சமிருக்குற காரத்தைச் சமன் பண்ணுது, ஆணித் துருவும் மரத்துல இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து வர்ற நீலக்கறுப்புக் கறையையும் எடுக்குது. மரத்தோட பழைய நிறம் திரும்பி வர்றதால நிறமீட்பின்னு வெச்சுக்கலாம், முதல்ல போடுறது நரைநீக்கி. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுங்கிற வரிசையும் பேர்லயே புரிஞ்சிடும். வெளுப்பான்ங்கிற பேரை குளோரின் சரக்குக்கு விட்டுடுங்க, அது பூஞ்சையோட நிறத்தைப் போக்கும், பலமா போட்டா லிக்னினையும் சேர்த்து அரிச்சிடும், வெயில் பண்ணின வேலையையே நாமளும் பண்ணின மாதிரி ஆயிடும். (ஆக்ஸாலிக் அமிலம் விஷம், கையுறை கண்ணாடி இல்லாம தொடக்கூடாதுன்னு கட்டுரையிலயே ஒரு வரி சேர்த்துடுங்க. நிறமீட்பின்னு பேர் இனிமையா இருக்கேன்னு யாராவது வெறுங்கையால எடுத்துடப் போறாங்க.)

வேகமா தண்ணி பீய்ச்சிக் கழுவுற பிரஷர் வாஷரை ரொம்பக் கிட்ட புடிச்சா நார் எல்லாம் பஞ்சு மாதிரி எழும்பி நிக்குமே, அதுக்கு புதுசா ஒண்ணும் தேட வேண்டாம், பலகை சிலும்பிருச்சு, சிலும்பல். மெத்தென்ற மரத்துக்கு 500, 600 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், விசிறி முனை போட்டு நார் ஓடுற திசையிலயே ஓட்டணும். சிலும்பினதை 60 இல்ல 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சா படிஞ்சிடும், அதைவிட நைஸா தேய்ச்சா மேல பூசுறது உள்ள இறங்காது. ரொம்பப் பழைய மருந்தேத்தின பலகைன்னா கொஞ்சம் ஜாக்கிரதை, ஆர்சனிக் சேர்ந்த சரக்கு இருக்கலாம் (அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு 2003 கடைசியோட நிறுத்தினாங்க), அந்தத் தூசி மூக்குக்குள்ள போகக்கூடாது, அதைத் தேய்க்காம விடுறதே நல்லது.

மரத்துக்கு நிறம் ஏத்தப் பூசுற ஸ்டெயினுக்கு கறைன்னு எழுதினதை தயவுசெஞ்சு மாத்திடுங்க, கறையை எடுக்கத்தானே இவ்வளவு பாடும். மரத்துக்குள்ள இறங்குறது ஊறுசாயம், மேல தோலா நிக்கிறது படலப்பூச்சு. படலப்பூச்சு அடியில ஈரம் புகுந்தா உரிய ஆரம்பிக்கும், மறுபடி பூசணும்னா முழுசா சுரண்டணும். ஊறுசாயம் உரியாது, மங்கும், கழுவிட்டு மேலயே பூசிக்கலாம். எதுவா இருந்தாலும் பலகை காய்ஞ்ச பிறகுதான், தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா நிக்காம உறிஞ்சிச்சுன்னா பூசலாம்.

மிச்சம் இருக்கிறது எண்ட் கிரெயின் ஒண்ணுதான். பலகையோட வெட்டுமுகம், தண்ணி அதிகமா குடிக்கிற இடமே அதுதான், வெட்டுவாய்னு எழுதலாமான்னு யோசிக்கிறேன், ஆனா கத்தி வெட்டின காயத்துக்கும் அப்படிச் சொல்றாங்களே. தச்சு வேலை தெரிஞ்சவங்க யாராவது பட்டறையில என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் வெட்டுமுகம்னே போட்டு வெக்கிறேன்.