தாங்கல் குடும்பம்: ஏடு வாசிப்பு நோட்டீஸ்

காலை 8:12
அனீஷ்: எல்லாருக்கும் அய்யா உண்டு 🙏 நம்ம தாங்கல்ல கார்த்திகை மாசம் நடக்குற அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு நோட்டீஸ் புரூஃப் வந்தாச்சு. வடசேரி பிரஸ்காரர் சாயங்காலம் 5 மணிக்குள்ள திருத்தம் சொல்லணும்னு சொன்னார். பாத்துச் சொல்லுங்க

அனீஷ்: (படம்)

ராணி: என் பேரு எங்க

அனீஷ்: கீழ பாருங்க அத்தை. 'மற்றும் குடும்பத்தார்'ல

ராணி: மற்றுமா

சுயம்பு: லே மேல சின்ன எழுத்துல என்னமோ கெடக்கே. எனக்கு வாசிக்க முடியல

அனீஷ்: சபைக்காரங்க அனுப்பினத அப்படியே போட்டேன்பா

செல்லத்துரை: எந்தச் சபை?

செல்லத்துரை: 'கிளைத் தாங்கல்' என்று போட்டிருக்கிறதே. யாருக்கு யார் கிளை?

லதா: காலைலேயே ஆரம்பிச்சாச்சு

காலை 8:31
சுயம்பு: பாலன் கிட்ட கேளுங்க அண்ணேன். அவன்தான் போன்ல பேசி முடிச்சான்

ராணி: மஸ்கட்ல இருந்தா

செல்லத்துரை: அனைவருக்கும் அய்யா உண்டு. கொஞ்சம் பொறுமையாக வாசிக்கவும். நிழல் தாங்கல் என்ற நம் ஊர் வழிபாட்டு இடம் எதற்கும் கிளை கிடையாது. அய்யா வைகுண்டர் காலத்திலேயே ஊர்க்காரர்கள் கூடி, தங்கள் நிலத்தில், தங்கள் அரிசியில் நடத்தியவை தாங்கல்கள். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுவாமித்தோப்பு தலைமைப்பதி, அதாவது நம் முதன்மையான புனிதத் தலம்; அங்கே பொதுக்குட்டி வழிவந்த பையன் வம்சத்தார் பரம்பரையாகப் பணிவிடை நடத்துகிறார்கள். அம்பலப்பதி, முட்டப்பதி, தாமரைகுளம்பதி, பூப்பதி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிர்வாகம். வாகைப்பதியை இந்தப் பதிகளின் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை. திருச்செந்தூர் அவதாரப்பதியை அய்யாவழி அகிலத் திருக்குடும்ப மக்கள் சபை நடத்துகிறது. நாமும் அய்யா அவதார நாளான மாசி 20க்கு அங்கே போகிறோம், ஊர்வலத்தில் நடக்கிறோம். அதற்காக யாருக்கும் கிளை ஆகிவிட்டோமா? (தொடரும்)

கவிதா: தொடருமா 😂

ஸ்டெல்லா: அத்தான் எழுதினத நான் முழுசா வாசிச்சேன். நல்லா இருக்கு

ராணி: நீ ஒருத்திதான் வாசிப்ப

காலை 8:50
பாலன்: இப்பத்தான் எந்திச்சேன். அண்ணேன் ஒரு நிமிஷம். யாரும் தாங்கல எழுதிக் குடுக்கல. நம்மகிட்ட ஏடு வாசிக்க ஆள் இல்ல. சபை ஒரு வாசிப்பாளர அனுப்புறாவ, மைக் செட்டு அவிய செலவு, திருக்கல்யாணத்தன்னைக்கு அன்னதர்மத்துக்கு அரிசியும் தாராவ. மேல அவிய பேரு போடணும், வாசல்ல ஒரு போர்டு வைக்கணும். அவ்வளவுதான்

செல்லத்துரை: அவ்வளவுதானா?

சுயம்பு: ஒரு உண்டியலும் வைக்கணும்னாவ

செல்லத்துரை: பார்த்தீர்களா! காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று சொன்ன வழியில் வந்துகொண்டு உண்டியலா?

சுயம்பு: நம்ம தாங்கல்லயும் ஒண்ணு இருக்கே அண்ணேன்

செல்லத்துரை: அது கரண்டு பில்லுக்கு.

கவிதா: 😂😂😂

பாலன்: வாசிக்க ஆள் யாரு? அதச் சொல்லுங்க முதல்ல

செல்லத்துரை: நான் இருக்கிறேன்.

(மூணு நிமிஷத்துக்கு ஒரு சத்தமும் இல்ல)

சுயம்பு: அண்ணேன் தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாசிச்ச வருசம் அடிக்கு அடி விளக்கம் சொல்லி, கடைசி நாள் பட்டாபிஷேகத்தன்னைக்கு நாம கதைல இன்னும் துவாபர யுகத்துல நின்னோம்

அனீஷ்: கலியன் பிறக்கவே இல்ல அந்த வருசம்

முத்து: அப்பா அன்னைக்கு ராத்திரி 1 மணி வரைக்கும் வாசிச்சு முடிச்சாவ. அதையும் சொல்லணும்

லதா: நான் கைப்பிள்ளையோட உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும்

செல்லத்துரை: 15,000 அடிக்கு மேல் உள்ள அகிலத்திரட்டை ரயில் வண்டி மாதிரி ஓட்டினால் கேட்கிறவனுக்கு என்ன புரியும்? 1841-ம் ஆண்டு கார்த்திகை 27, வெள்ளிக்கிழமை, அரிகோபாலன் சீடர் எழுதத் தொடங்கியது இது. அச்சில் வந்ததே 1939-ல்தான். அதற்கு முன்னால் ஒரு நூறு வருஷம் ஓலையில் எழுதியும் காதால் கேட்டும்தான் நம் ஆட்கள் காப்பாற்றினார்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள் அடி பிசகாமல் ஒப்பித்தார்கள். எங்கள் அப்பா 3-ம் வகுப்பு.

ராணி: அப்பா புஸ்தகத்த வச்சுதான் வாசிக்கணும். அது மட்டும் நான் சொல்லுகேன்

பாலன்: அதுலதான் ஒரு சிக்கல் அக்கா. சபைக்காரங்க அவிய பதிப்பிலதான் வாசிப்பாங்களாம். அடி கூடிக் குறையும்னு சொன்னாவ

ராணி: அப்பா புஸ்தகத்துல எது குறைஞ்சு போச்சாம்

செல்லத்துரை: ஏட்டுக்கு ஏடு பாடபேதம் உண்டு, அது உண்மை. ஒவ்வொரு பதிப்பாரும் தம்முடையதே சரி என்பார்கள். ஆனால் அப்பா புத்தகத்தில் ஓரம் முழுக்கப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே 'அய்யா சிவசிவா' சொல்ல வேண்டும், எல்லாம்.

ராணி: செரி புஸ்தகம் எங்க இருக்கு

ராணி: சுயம்பு, தாங்கல்ல இருக்கா

சுயம்பு: இல்லக்கா

ராணி: முத்து

ராணி: முத்து நீ பாத்துட்டேன்னு நீலக்கோடு காட்டுது

காலை 9:40
லதா: அத்தை, எங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு. ஸ்கேன் பண்ணணும்னு கொண்டு வந்தாவ

ராணி: மணலி புதுநகர் பீரோவுல! எங்கப்பா ஈரத்துணி படாம வச்சிருந்தாரு. கேக்காம கொள்ளாம மெட்ராஸ் கொண்டு போயாச்சு

முத்து: அத்தை நான் அப்பா கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்

செல்லத்துரை: அது வேறு விஷயம். இப்போது நோட்டீஸைப் பார்ப்போம்.

ராணி: ஓ

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஸ்டெல்லா: மைனி விடுங்க. முத்து, 15-ம் நாளுக்கு வரும்போது கையோட கொண்டு வந்துரு

காலை 10:05
கவிதா: (பலமுறை பகிரப்பட்டது) குரல் செய்தி 2:41

கவிதா: இதக் கேளுங்க எல்லாரும். பதிவு பண்ணின சபைல சேராத தாங்கல் எல்லாத்தையும் தைக்குள்ள அறநிலையத்துறை எடுக்கப் போகுதாம். தூத்துக்குடில எல்லார் போன்லயும் சுத்துது

சுயம்பு: எடேய்

பாலன்: இதுக்குத்தான் நான் சபைல சேரலாம்னு சொன்னேன்

முத்து: யாரு பேசுறா இதுல? பேரு இல்ல, ஊரு இல்ல. எந்த ஆணை, எந்த தேதின்னு ஒண்ணும் சொல்லல. கடைசில 'எங்கள் சபையில் சேர அழையுங்கள்'னு வருது பாருங்க

கவிதா: ஆமா வருது 🙈

அனீஷ்: 2:30ல

செல்லத்துரை: பயத்தைக் காட்டி ஆள் சேர்ப்பது அய்யா வழி அல்ல. திருவிதாங்கூர் மகாராஜா அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தபோதே அஞ்சாத வழி இது.

பாலன்: அண்ணேன் மகாராஜாவுக்கு வக்கீல் இல்ல. இப்ப கேஸ் போட்டா நாம நாகர்கோவில் கோர்ட்டுக்கு அலையணும். தாங்கல் நிக்குற 5 சென்ட்டுக்குப் பட்டா யார் பேருல இருக்கு?

சுயம்பு: அப்பா பேருல

பாலன்: அதான்

ராணி: பட்டாவப் பத்தி நீ பேசாத பாலா. தெக்குப் பக்கத்துத் தேங்கா காசு யார் கணக்குக்குப் போச்சுன்னு நான் கேட்டேனா

பாலன்: அது ஓடு மாத்தினதுக்கு

ராணி: ஓடு மாத்தி எத்தன வருசம் ஆச்சு

லதா: அத்தை, பாலன் மாமா, இது ஏடு வாசிப்பு பேசுற இடம் 🙏

காலை 10:26
முத்து: நான் ஒண்ணு சொல்லட்டா. யார் கிட்டயும் சேர வேண்டாம். நாமளே ஒரு சங்கமா பதிஞ்சுக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. 7 பேர் இருந்தாப் போதும். இங்க மணலி புதுநகர் தர்மபதிய பாருங்க, புரட்டாசித் திருவிழாவுக்குக் கொடியேத்துல இருந்து தேரு வரைக்கும் எவ்வளவு கூட்டம். தெக்க இருந்து பொழைக்க வந்த சனம் கூடி நடத்துது. ஊரு விட்டு வந்தவங்களே நடத்துறாங்கன்னா நம்மால முடியாதா

சுயம்பு: 7 பேர் நம்ம வீட்லயே இருக்கு

அனீஷ்: தலைவர் பெரியப்பா

பாலன்: செயலாளர் உள்ளூர்ல இருக்கணும். சுயம்பு அண்ணன்

ராணி: பொருளாளர் நான்

(ரெண்டு நிமிஷம்)

சுயம்பு: பொறவு பேசலாம்

ஸ்டெல்லா: என்னையும் சேத்துக்குவேளா? நான் சிஎஸ்ஐ சர்ச்சு 😄

சுயம்பு: நீ இல்லாம சமையல் நடக்குமா பிள்ளே

ஸ்டெல்லா: எங்க ஆளுங்க லண்டன் மிஷன் அறிக்கையில அந்தக் காலத்துலயே உங்களப் பத்திப் புலம்பி எழுதி வச்சிருக்காவ. முத்துக்குட்டி, அதான் உங்க அய்யா பக்கம் சனம் போகுது, நம்ம பக்கம் வரமாட்டேங்குதுன்னு. இப்ப அந்த வீட்டுப் பிள்ளை இங்க உருளி கழுவுது

செல்லத்துரை: அருமையாகச் சொன்னாய் ஸ்டெல்லா. அந்த அறிக்கைகள் நமக்கு முக்கியமான சான்று. வெளியார் எழுதியதால் நாள் கணக்கு தெளிவாகக் கிடைக்கிறது. அதைப் பற்றி நான் தனியாக எழுதுகிறேன்.

லதா: மாமா தனியா 🙏

காலை 11:15
பாலன்: பதிவு பண்ணும்போது மதம்னு ஒரு கட்டம் வருமே. என்ன போடுவேளா? இந்துன்னா, தனியான்னா?

முத்து: சுவாமித்தோப்பு பாலபிரஜாபதி அடிகளார் தனி வழின்னுதான மேடைல சொல்லுறாவ. 2024 மார்ச்ல ஆளுநர் சனாதனத்தக் காக்க வந்தவர் வைகுண்டர்னு பேசினதுக்கு அடிகளார் மறுத்துப் பேசினாவளே

பாலன்: நம்ம பள்ளிக்கூட சர்டிபிகேட்ல எல்லாம் இந்துன்னுதான் இருக்கு

கவிதா: எங்க மாமியார் வீட்ல சொடலைக்கும் கொடை குடுப்பாங்க, மாசி 20க்கு நாமமும் போடுவாங்க

ராணி: ஆடு வெட்டிட்டு வந்து நாமம் போட்டா எப்படி

கவிதா: அம்மா நான் என்ன செய்ய

செல்லத்துரை: நம் கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான். தீபாராதனை இல்லை. தலைப்பாகை கட்டி, தன் முகத்தைத் தானே பார்த்து நிற்கிறோம். தலையில் துண்டு கட்டினால் அடி விழுந்த காலத்தில் கட்டு என்று சொன்னவர் அய்யா. இதை எந்தக் கட்டத்தில் போட்டு அடைப்பது? இருந்தாலும் ஜாதிச் சான்றிதழ், சலுகை என்று நூறு இருக்கிறது. அவசரப்பட்டு ஒன்றை எழுதக் கூடாது.

லதா: அரசியல் போதும். அட்மின் சொல்லுகேன்

சுயம்பு: கட்டத்த விடுங்க. மைக் செட்டு யாரு?

அனீஷ்: ராஜாக்கமங்கலம் அண்ணன் நாளைக்கு 1,800 கேக்கார்

பாலன்: 17 நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. 30,600. அதச் சபை தருதுன்னுதான் நான் சொன்னேன். நான் ஒண்ணும் விக்கல

ராணி: நீ பாதி தந்துரு

பாலன்: போன வருசமும் நான்தான் தந்தேன்

ராணி: தந்தத நோட்டீஸ்ல போட்டாச்சுல்லா, பெருசா, போட்டோவோட

மதியம் 1:20
சுயம்பு: தாங்கல்ல மத்தியான வழிபாடு, உச்சிப்படிப்பு முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். வாசிப்பாளர் விசயம் சொல்லுகேன். ஈத்தாமொழில ஒரு பிள்ளை இருக்கு, பி.எட் படிக்கா. பூப்பதிக்குப் பக்கம்தான் வீடு. அம்மையும் மகளும் மாறி மாறி வாசிப்பாவளாம். ராகம் நல்லா இருக்கும்னு சொன்னாவ. எந்தப் புஸ்தகம் குடுத்தாலும் வாசிப்பா. காசு கேக்கல, போக வர ஆட்டோ மட்டும்

ஸ்டெல்லா: பொம்பளப் பிள்ளையா, நல்லது

ராணி: எங்கம்மையும் வாசிச்சிருக்கா. யாரும் பேரு போடல

செல்லத்துரை: மிகவும் சரி. விளக்கம் நான் சொல்கிறேன், அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்.

சுயம்பு: விளக்கம் நாளைக்கு பத்து நிமிசம் அண்ணேன்

செல்லத்துரை: அரை மணி.

அனீஷ்: கால் மணி பெரியப்பா. மைக் என் கையில

பாலன்: அப்போ சபைக்கு நான் என்ன பதில் சொல்ல? ஞாயித்துக்கெழம பாக்க வாறாவ

சுயம்பு: வரட்டு. சாயா குடுப்போம்

பாலன்: சாயா குடுத்து இல்லன்னு சொல்லணுமா

சுயம்பு: இல்லன்னு யாரு சொன்னா. அரிசி தர்மமாத் தந்தா வாங்கிக்குவோம். போர்டு வேண்டாம்னு நைசா நீ சொல்லு

பாலன்: நானா

செல்லத்துரை: அவர்களைப் பகைக்கக் கூடாது. அவர்களும் நல்ல காரியம் செய்கிறவர்கள்தான். போன மழையில் கஞ்சி ஊற்றினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். நம் கூரையில் அவர்கள் பெயர் ஏற வேண்டாம் என்பதுதான் பேச்சு. இதை நான் ஒரு கடிதமாக எழுதித் தருகிறேன்.

முத்து: அப்பா சுருக்கமா

சாயங்காலம் 4:38
அனீஷ்: பிரஸ்காரர் கூப்பிடுகார். மேல என்ன போட?

சுயம்பு: 'அய்யா உண்டு' போடு. கீழ தாங்கல் பேரு போடு. போதும்

பாலன்: 'சபையின் ஒத்துழைப்புடன்'னு கடைசில ஒரு வரி போடலாமே

ராணி: என் பேரு கடைசிக்கு முன்னால வரணும்

செல்லத்துரை: 'சுவாமித்தோப்பு தலைமைப்பதி ஆசியுடன்' என்று போடலாம். ஆனால் கேட்காமல் போடக் கூடாது. யார் போய்க் கேட்பது?

முத்து: ஞாயிறு ஊருக்கு வந்தா நான் சுவாமித்தோப்பு முத்திரிக் கிணத்துல குளிச்சிட்டு அப்படியே கேக்கேன்

ராணி: புஸ்தகத்தோட வா

அனீஷ்: ஞாயிறு வரைக்கும் பிரஸ் நிக்காது அண்ணன். அந்த எடத்த வெறுமையா விட்டு அடிக்கச் சொல்லட்டா? வேணும்னா பொறவு ஸ்டிக்கர் ஒட்டலாம்

சுயம்பு: செரி

பாலன்: செரி, ஆனா சபை பேரும் ஸ்டிக்கர்ல வரும்னு நெனச்சுக்கிடுகேன்

அனீஷ்: இன்னொண்ணு. மேல '17 நாள்'னு இருக்கு, கீழ நிகழ்ச்சி நிரல்ல 10 நாளுக்குத்தான் கணக்கு வருது. எது சரி?

சுயம்பு: 10. பந்தல்காரன் கிட்ட அப்படித்தான் சொன்னேன்

செல்லத்துரை: 17. தலைமைப்பதி முறை அது. 15-ம் நாள் திருக்கல்யாணம், 17-ம் நாள் பட்டாபிஷேகம்.

பாலன்: சபைல 10னுதான் பேசினேன்

ராணி: திருக்கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு பழம் வைக்குற சுருளுக்கு நான் ஆள் சொல்லியாச்சு, 15-ம் நாள்னு

ஸ்டெல்லா: அப்போ நான் அரிசி எத்தன மூட்டைக்குச் சொல்ல?